ரத்தம் பார்த்த சக்கரம்

“எங்கே பாய், அந்த ஹாரனை ஒருதரம் அடிச்சுக் காட்டுங்க” என்றார் பஸ் கம்பெனி வக்கீல் பஞ்சநதம்.

சாட்சிக் கூண்டில் கக்கத்துக் கட்டையில் சாய்ந்து நின்ற நாகூர் கனி விழித்தார். அவருடைய இடது கால் முழங்காலோடு முடிந்துவிட்டது. மிச்சக் கைலி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“நான் எப்படிங்க அடிக்க? ஹாரன் பஸ்ஸுல இருக்கு.”

“வாயாலதான். பஸ்ஸோட பேரைப் படிக்கல, நம்பரைப் பார்க்கல, பின்னாடி வந்த ஹாரன் சத்தத்தை வச்சே பூங்காவனம் பஸ்ஸுன்னு தெரிஞ்சதுன்னு சொல்றீங்க. கோர்ட்டுக்கும் தெரிய வேண்டாமா?”

நாகூர் கனி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலூர், திருமங்கலம் ரோட்டில் சைக்கிளில் வளையலும் ரிப்பனும் கட்டிக்கொண்டு போய் விற்ற மனிதர். அந்த ரோட்டில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸின் சத்தமும் அவருக்கு அத்துப்படி. கேட்டதைச் செய்து காட்டினால் நம்புவார்கள் என்றுதான் நினைத்தார். தொண்டையைச் செருமினார். கன்னத்தை உப்பிக்கொண்டு, “பபபாம்... பாம்... பபபாம்” என்று நீட்டி முழக்கினார்.

கோர்ட் ஹால் குலுங்கியது. முன்வரிசையில் இருந்த வக்கீல்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். இதை எப்படி அடிப்பது என்று கேட்பதுபோல டைப்பிஸ்ட் நீதிபதியைப் பார்க்க, அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. பூங்காவனம் பஸ் முதலாளி முத்துக்கருப்பன், வெள்ளைச் சட்டைக்குள் வயிறு குலுங்க, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஞ்சநதம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் கடைசியில்தான் சிரிப்பார்.

“லாரி ஹாரன் எப்படி இருக்கும் பாய்? அதையும் அடிச்சுக் காட்டுறீங்களா? சரி, வேண்டாம். உட்காருங்க.”

நாகூர் கனிக்காக வழக்குப் போட்டிருந்த வக்கீல் அன்னக்கொடி எழுந்திருக்கவில்லை. எழுந்து எதையாவது சொன்னால் சிரிப்பு இன்னும் கூடும் என்று அவளுக்குத் தெரியும். கறுப்புக் கோட்டுக்குள் முதுகு வியர்த்து ஊற்ற, மேஜைக்கு அடியில் விரல்களைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தச் சிரிப்பை அவள் ஏற்கெனவே கேட்டிருக்கிறாள். இதே ஆள் மூட்டிய சிரிப்புதான்.

அப்போது அவளுக்குப் பத்து வயது. ஜில்லா கோர்ட் திருமலை நாயக்கர் மகாலில் நடந்துகொண்டிருந்த காலம். எழுமலைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு நின்ற அவள் அண்ணன் விருமாண்டியை ஒரு பூங்காவனம் பஸ் அடித்துப் போட்டுவிட்டுப் போனது. களை வெட்டிக்கொண்டிருந்த தாய் சுந்தரம்மாள் பார்த்தாள். வேறு யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அடித்தது லாரி, எங்கள் பஸ் இல்லை என்று கம்பெனி சொன்னது. கம்பெனியின் வக்கீல் பஞ்சநதம்.

“எம்புட்டுத் தூரத்துல நின்ன?”

“கூப்பிடு தூரம்யா.”

“கூப்பிடு தூரமா? எத்தனை அடி?”

“அடியெல்லாம் தெரியாதுய்யா. கூப்பிட்டாக் கேக்கும்.”

“அப்படியா? எங்கே, கூப்பிடு பார்ப்போம்.”

சுந்தரம்மாள் ஒரு கணம் யோசித்தாள். கூப்பிடச் சொன்னால் யாரைக் கூப்பிடுவாள்? “அய்யா... விருமாண்டீ...!” என்று காட்டுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். மகாலின் தூண்களுக்கிடையே அந்தப் பெயர் முட்டி மோதித் திரும்பி வந்தது. மேலே இருந்த புறாக்கள் படபடவென்று கலைந்தன.

“இந்தச் சத்தம் தெப்பக்குளத்துக்கே கேட்டிருக்கும், யுவர் ஆனர். அம்புட்டுத் தூரத்துல நின்னுக்கிட்டு பஸ்ஸோட பேரைப் படிச்சிருக்கு, எழுதப் படிக்கத் தெரியாத இந்த அம்மா.”

சிரித்தார்கள். செத்த பிள்ளையைக் கூப்பிட்ட வாய் மூடாமல் சுந்தரம்மாள் நின்றாள். கேஸ் தள்ளுபடியானது அவள் மனதில் நிற்கவில்லை, சிரித்ததுதான் நின்றது. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், ஊர் வாயை அடைத்துச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பியதும் அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொடுக்கத்தான். “நீ ஜெயிக்கணும்னு கூட இல்ல புள்ள” என்பாள். “ஒரே ஒருவாட்டி அவய்ங்களப் பாத்து கோர்ட்டு சிரிக்கணும்.”

ஆனால் கோபம் வேறு, தொழில் வேறு. அதை அன்னக்கொடி தன் முதல் விபத்துக் கேஸிலேயே பட்டுத் தெரிந்துகொண்டாள். கட்சிக்காரர் ஒரு ரிக்‌ஷாக்காரர். எதிர்த்தரப்பில் கண்டக்டர் சாட்சி. பஸ் மோதியபோது டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன், வெளியே பார்க்கவில்லை என்று அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவளோ, வெற்றிக் களிப்பில், “பார்க்கவே இல்லேன்னா, ரிக்‌ஷாக்காரர் மேல தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டாள். “இறங்கித் தூக்கும்போது சாராய வாடை குப்புன்னு அடிச்சதும்மா” என்றான் அவன். கேஸ் அங்கேயே செத்தது. எதிரே பஞ்சநதம் பல் குத்திக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது, “கிணறு வெட்டித் தண்ணி வந்தப்புறமும் வெட்டிக்கிட்டே இருந்தா எப்படிம்மா?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து, தன் கேஸ் இல்லாத நாட்களில் எல்லாம் பஞ்சநதம் ஆஜராகும் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். “அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடுது” என்று குமாஸ்தாக்கள் பேசிக்கொண்டார்கள். அவள் வேட்டை நாய் மோப்பம் பிடிப்பதுபோல அந்த ஆளின் வழியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் குரலை உயர்த்துவதில்லை. மடக்க வேண்டிய இடத்துக்கு நேராகப் போவதில்லை. சாட்சி எதில் பெருமைப்படுகிறானோ அதைத்தான் கேட்பார். மாடு மேய்ப்பவனிடம் மாட்டைப் பற்றி, கொத்தனாரிடம் சுவரைப் பற்றி. பொய் சொல்ல வந்தவன் பயப்படுகிற இடத்தில் காவல் போட்டிருப்பான். பெருமைப்படுகிற இடத்தில் கதவு விரியத் திறந்துகிடக்கும். பஞ்சநதம் அந்த வழியாகத்தான் உள்ளே நுழைவார். அம்மாவின் குரலும் நாகூர் கனியின் காதும் அப்படித்தான் அவர் கையில் சிக்கின.

சிறிய கேஸ்களில் அவள் அதைச் செய்து பார்த்தாள். சிலவற்றில் தோற்றாள். குரல் நடுங்குவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. பூங்காவனம் பஸ் கேஸ் ஒன்று கைக்கு வரட்டும் என்று காத்திருந்தாள். பெரியாஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டுக் கிடந்த நாகூர் கனி வடிவில் அது வந்தது.

ஹாரன் அடித்த அன்று வாய்தா போட்டு வெளியே வந்ததும், நாகூர் கனியின் மனைவி ஜெயினம்பு முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“குரங்காட்டிவுட்ட மாதிரி ஆக்கிப்புட்டாய்ங்களே வக்கீலம்மா.”

“இன்னும் முடியலக்கா.”

“குடிச்சுப்புட்டு லாரில போய் விழுந்தாருன்னு எழுதிக் குடுத்திருக்காய்ங்களாமே. அஞ்சு வேளை தொழுவுற மனுசன். சாராயம் எந்த நெறம்னு கூட அவுகளுக்குத் தெரியாது. காலு போனது நஸீபு, தலைவிதி. அந்தச் சொல்லு போகணும்மா. அவய்ங்க வாயாலயே போகணும்.”

“போகும்” என்றாள் அன்னக்கொடி. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த வாய்தாவில் டிரைவர் பேயாண்டி சாட்சி சொல்ல வருகிறான். அவன் எப்படிப்பட்டவன் என்று பார்க்க வேண்டும். அவள் சாதாரணச் சேலையில், கையில் ஒரு பையோடு, மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக எழுமலைக்குப் போகும் அந்த பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முறுக்கு மீசை, நெற்றி நிறைய விபூதி. கண்ணாடிக்கு மேலே வரிசையாகச் சாமி படங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிட்டான். அது எல்லா டிரைவரும் செய்வதுதான். பிறகு கீழே இறங்கினான். ஜன்னல் வழியாக அன்னக்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போய், பின் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து ஏறினான்.

தன் கால்மேல் ஏறியதாக நாகூர் கனி சொன்னது அந்தச் சக்கரத்தைத்தான்.

எழுமலைப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது தெரியும். ஆளின் ரத்தம் பார்த்த சக்கரத்தைச் சும்மா ஓட்டக் கூடாது. கருப்பன் சன்னதியில் வண்டியை நிறுத்தி, ஏறிய அந்தச் சக்கரத்தின் முன்னால் சேவலை அறுத்து, ரத்தத்தைக் காட்டி, மஞ்சத்தண்ணீர் விட்டுக் கழுவினால்தான் அதன் பசி அடங்கும். இல்லையென்றால் அதே சக்கரம் இன்னொரு ஆளைக் கேட்கும். விருமாண்டி செத்த மறுநாளும் ஒரு பூங்காவனம் பஸ் கருப்பன் கோயில் முன்னால் நின்றது. ஊரே பார்த்தது. ஆனால் சாமி காரியத்தைக் கோர்ட்டில் போய்ச் சொல்லலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் வைத்திருந்த வக்கீல் டவுன்காரர், அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

வாய்தா நாளன்று சுந்தரம்மாளும் மதுரைக்கு வந்தாள். மகாலில் நின்ற நாளுக்குப் பிறகு அவள் கோர்ட்டுக்குள் கால் வைத்ததில்லை. இப்போதும் உள்ளே வர மறுத்து, கேட்டுக்கு வெளியே சர்பத் கடைப் பக்கத்து வேப்பமர நிழலில் வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பேயாண்டி கூண்டில் ஏறி, பஞ்சநதம் கேட்டதற்கெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி பதில் சொன்னான். கப்பலூரைத் தாண்டி ஒழுங்காகத்தான் போனான். எதன்மேலும் மோதவில்லை. முன்னால் ஒரு லாரி வேகமாகப் போனது. அவ்வளவுதான்.

அன்னக்கொடி எழுந்தாள். விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எம்புட்டுக் காலமாண்ணே வண்டி ஓட்டுறீக?”

“லைசென்ஸ் வாங்குனதுல இருந்து பூங்காவனத்துலதான்.”

“ஒரே மொதலாளிகிட்டயா? நல்லபடியாப் பாத்துக்கிட்டாத்தான் அப்படி இருக்க முடியும். வண்டியையும் நல்லா வச்சிருப்பீக போல. நான் ஒருநா ஏறுனேன். சாமி படமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு.”

பேயாண்டியின் மீசைக்குக் கீழே முகம் மலர்ந்தது. “எனக்குப் பிள்ள மாதிரி தாயி அது.”

“பூசையெல்லாம் முறைப்படி செய்வீகளா?”

“அமாவாசை தவறாது. எலுமிச்சம்பழம், பூசணிக்காய், சூடம்.”

“எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்துல வைப்பீக?”

“முன்சக்கரம் ரெண்டுலயும்.”

“பூசணிக்காய்?”

“வண்டிக்கு முன்னாடிதான். வண்டிக்கு மொகம் முன்னாடிதான தாயி இருக்கு? பின்னாடி எவனாச்சும் பூசை வைப்பானா?” அவன் சிரித்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள்.

“சரிதாண்ணே. பலி குடுக்கிற பழக்கம் உண்டா?”

பஞ்சநதம் பல்குச்சியைக் கீழே வைத்தார். என்னவென்று பிடிபடவில்லை, ஆனால் வாடை தட்டியிருக்க வேண்டும். எழுந்தார். “யுவர் ஆனர், கோழி அறுக்கிறதுக்கும் இந்தக் கேஸுக்கும் என்ன சம்பந்தம்?”

நீதிபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “போன வாய்தாவுல நீங்க ஹாரன் அடிக்கச் சொன்னீங்க, நான் விட்டேன். அவங்க கோழியோட போகட்டும், உட்காருங்க.”

முன்வரிசை சிரித்தது. பஞ்சநதம் உட்கார்ந்தார்.

“சொல்லுங்கண்ணே.”

“குடுத்திருக்கோம். கருப்பனுக்குச் சேவல்.”

“கடைசியா எப்போ?”

“முந்தின வருசம் தீவாளிக்கு முன்னாடி.”

நாகூர் கனி விழுந்ததும் அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம்தான். அன்னக்கொடி அவசரப்படவில்லை. குரலை இன்னும் தணித்தாள்.

“நல்ல சேவலா? இல்ல, ஏதாச்சும் கறிக்கடைச் சேவலா?”

“என்ன தாயி இப்படிக் கேட்டுப்புட்ட?” பேயாண்டி உண்மையிலேயே காயப்பட்டான். “மொதலாளியே உசிலம்பட்டிச் சந்தையில பாத்து வாங்கிக் குடுத்தாரு. செஞ்சேவல். ஒரு கொறை சொல்ல முடியாது.”

முன்பெஞ்சில் முத்துக்கருப்பன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“முறையாத்தான் செஞ்சிருப்பீக. எங்களுக்குத் தெரியணும்ல. இந்த மேசைதான் உங்க பஸ்ஸுன்னு வச்சுக்கங்க. சன்னல் பக்கம் வண்டியோட மொகம். எறங்கி வந்து எப்படிக் குடுத்தீகன்னு காட்டுங்க.”

கோர்ட்டில் வேடிக்கை பார்க்கிற ஆர்வம் பரவியது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பேயாண்டி நீதிபதியைப் பார்த்தான். அவர் தலையசைக்க, செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான். சாமி காரியத்தில் இறங்கிவிட்டவனுக்குக் கோர்ட் மறந்துபோனது. வக்கீல்களின் மேஜைக்கு முன்னால் நின்று கும்பிட்டான். பிறகு அதன் இடதுபக்கமாக நடந்தான். முன்கால் பக்கம் நிற்கவில்லை. கடைசி வரை போய், பின்பக்கத்து இடதுகால் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். வலது கையால் இல்லாத கழுத்தை அறுத்து, மேஜைக்காலில் மூன்று தரம் சுண்டினான். இல்லாத மஞ்சத்தண்ணீரைச் சரித்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

இடது பின் சக்கரம் என்று நாகூர் கனி சொன்னது நீதிபதியின் முன்னால் எழுத்தில் இருக்கிறது.

ஏன் அந்தச் சக்கரம்?

அந்தக் கேள்வி அன்னக்கொடியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தக் கண்டக்டர் சொன்ன சாராய வாடை ஞாபகம் வந்தது. தான் கேட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கிறாள் என்று பேயாண்டி விழித்துக்கொள்வான். அவள் பல்லைக் கடித்தாள்.

“அவ்வளவுதான், யுவர் ஆனர். வேற கேள்வி இல்லை.”

உட்கார்ந்தாள். பஞ்சநதத்தின் பார்வை தன்மேல் நிலைத்திருப்பது தெரிந்தது. அவர் வாய் திறப்பதற்குள், நீதிபதி பேனாவை மேஜையில் வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

“ஏம்ப்பா, பூசையெல்லாம் முன்னாடிதான்னு சொன்னே. இது மட்டும் எதுக்குப் பின் சக்கரத்துக்கு?”

இன்னும் மேஜைக்காலடியில் உட்கார்ந்திருந்த பேயாண்டி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல நிமிர்ந்து பார்த்தான்.

“ஏறுன சக்கரத்துக்குத்தானய்யா காட்டணும்?”

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கை வாய்க்குப் போனது.

டைப்பிஸ்ட் அதை வார்த்தை மாறாமல் அடித்தார். பிறகு பின்வரிசையில் எவனோ, “பபபாம்!” என்று ஹாரன் அடித்தான். கோர்ட் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. டவாலிச் சேவகர் சிரித்தார், டைப்பிஸ்ட் சிரித்தார். நீதிபதி சைலன்ஸ் சொல்லிவிட்டுத் தானும் குனிந்துகொண்டார். முத்துக்கருப்பன் எழுந்து, துண்டைப் பெஞ்சிலேயே மறந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். “மொதலாளி, சேவல் என்ன வெல?” என்று ஒரு குரல் துரத்தியது.

அன்னக்கொடி அந்தச் சிரிப்பைக் காதாரக் குடித்தாள். இத்தனை வருஷத் தாகத்துக்கு அது போதவில்லை, இன்னும் சிரிக்கட்டும் என்று நினைத்தாள். நாகூர் கனி மட்டும் சிரிக்காமல், கட்டையைப் பிடித்துக்கொண்டு, “அல்லாவே” என்று முணுமுணுத்தார். ஜெயினம்பு முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள்.

வராந்தாவில் பேயாண்டி அன்னக்கொடியை மறித்தான். சட்டை நனைந்திருந்தது. “நீ எந்த ஊரு தாயி?”

“எழுமலைப் பக்கம்.”

“அதான பாத்தேன். டவுன் வக்கீலுக்கு இது தெரியாதே. நம்ம சாமிய வச்சே என் கழுத்த அறுத்துப்புட்டியே. நாளைக்கு எனக்கு வேலை இருக்காது.”

“எங்கண்ணன் விருமாண்டிக்கும் உங்க கம்பெனி ஒரு சேவல் அறுத்துச்சுண்ணே. அன்னைக்கு உங்க ஆளுக ஒருத்தராச்சும் அழுதிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்.”

அவன் விலகினான். அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை.

பஞ்சநதம் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. இன்னும் சிரிப்பு அடங்காமல் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“ஜோர் கிராஸ் எக்ஸாமினேஷன்மா. கடைசிக் கேள்வியைக் கேட்காம விட்டே பாரு, அதுதான் வித்தை. யார்கிட்ட ஜூனியரா இருந்தே?”

“உங்ககிட்டதான் சார். கடைசி பெஞ்சுல.”

“பலே!”

“மகால்ல கோர்ட் இருந்தப்போ சுந்தரம்மாள்னு ஒரு சாட்சி, சார். கூப்பிடு தூரம்னு சொன்னாங்க. கூப்பிட்டுக் காட்டச் சொன்னீங்க. நான் அவங்க மக.”

பஞ்சநதம் நெற்றியைச் சுருக்கினார். நிஜமாகவே யோசித்தார். “மகால்லயா? எவ்வளவோ கேஸ் பார்த்தாச்சேம்மா. எது, அந்தக் கிணத்துத் தகராறா?” பதிலுக்குக் காத்திராமல் அவள் தோளுக்கு மேலே யாரையோ பார்த்துக் கையாட்டிவிட்டு, படி இறங்கிப் போய்விட்டார்.

கேட்டுக்கு வெளியே சுந்தரம்மாள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மகள் வருகிற நடையைப் பார்த்தே பாதி தெரிந்திருக்கும்.

“இங்க வரைக்கும் கேட்டுச்சு” என்றாள். “சிரிச்சாய்ங்களா?”

“சிரிச்சாய்ங்க ஆத்தா. மொதலாளி துண்ட விட்டுட்டு ஓடிப்போனாரு.”

“ம்.” சுந்தரம்மாள் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டாள். “அந்த வக்கீலு?”

“அவரும் சிரிச்சாரு.”

“என்னிய ஞாபகம் இருக்குதாமா?”

அன்னக்கொடி கேஸ் கட்டின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். சுந்தரம்மாள் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பிச் சாக்கடையில் வெற்றிலையைத் துப்பினாள், சிவப்பாக.

“தோத்தாலும் ஆட்டத்த ரசிக்கிற ஆட்டக்காரன் மாதிரி கூடச் சேந்து சிரிச்சிருக்கான். அப்ப அவனுக்கு வலிக்கல.” வெற்றிலைப் பையின் கயிற்றை இழுத்து முடிந்தாள். “வேற கேஸு இருக்கா?”

“திருவாதவூர்க் கேஸ் ஒண்ணு இருக்கு. வண்டிமாட்டுக்காரர். மகாசிவராத்திரிக்கு அப்புறம் வருது.”

“எதுத்தாப்புல யாரு?”

“அவருதான்.”

“சரி, உள்ள போய் வேலையப் பாரு.” சுந்தரம்மாள் முந்தானையை உதறி இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பினாள். இரண்டடி போனவள் நின்றாள். “அந்தக் கேஸுக்கு நானும் உள்ள வாரேன். அவன் சிரிக்காம இருக்கிறத நான் கண்ணால பாக்கணும்.”